ஷோன்பர்க், வேபர்ன், பெர்க்: 'கணக்கு இசை' என்ற பழி சரிதானா?

வடகாற்று எழுதியது:

வியன்னா இசையமைப்பாளர் ஷோன்பர்க் பெயரை எடுத்தாலே "அது கணக்கு இசை, அதில் உணர்ச்சி கிடையாது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இங்கேயே பல இழைகளில் பார்த்துவிட்டேன். ஒரு முறை விரிவாகப் பேசிவிடலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஒரு வரிசையில் வைத்து எழுதும் முறைக்கு அவர் வந்தது 1920-களின் தொடக்கத்தில். 'கணக்கு' என்று சொல்வது அதைத்தான். அதற்கு முன்னால், ஏறக்குறைய 1908 முதல் 1913 வரை, அவரிடம் எந்த முறையும் இல்லை. பழைய ஹார்மனியை, அதாவது ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் இலக்கணத்தை, விட்டாயிற்று, அதன் இடத்தில் வைக்க வேறொன்று கிடைக்கவில்லை. மனதில் எழுவதை, எழுகிற வேகத்திலேயே தாளில் இறக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கொள்கை. 1909 ஆகஸ்டில் பியானோ மேதை புசோனிக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். மனிதனுக்கு ஒரு நேரத்தில் ஒரே உணர்ச்சி வருவதில்லை, ஆயிரம் சேர்ந்து வருகின்றன, இசை அவற்றைப் பிரித்து அடுக்கிவைக்கக் கூடாது என்பது அவர் வாதம். எக்ஸ்பிரஷனிசம் என்று பின்னால் பெயர் பெற்றது இதுதான்.

அதே மாதம் 27-ஆம் தேதி 'எர்வார்ட்டுங்' ('எதிர்பார்ப்பு') என்ற குறு ஓபராவை எழுதத் தொடங்கி செப்டம்பர் 12-ல் முடித்தார். மொத்தம் 17 நாள். பெரிய ஆர்கெஸ்ட்ரா, அரை மணி நேரம், மேடையில் ஒரே ஒரு பெண். இரவில் காட்டுக்குள் காதலனைத் தேடிப் போகிறாள், அவன் பிணம் காலில் இடறுகிறது. ஒரே நொடியில் மனதுக்குள் நடக்கும் கொந்தளிப்பை அரை மணியாக விரித்துக் காட்டுவதே நோக்கம் என்று அவரே பின்னால் விளக்கினார். மெட்டு என்று எதுவும் வந்து நிலைப்பதில்லை. ஒரு வரியில் பயம், அடுத்த வரியில் ஆசை, உடனே பொறாமை, ஆர்கெஸ்ட்ராவும் கூடவே மாறுகிறது. இதில் உணர்ச்சி இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தெருமுனை எழுதியது:

ஜெஸ்ஸி நார்மன் பாடிய பதிவைக் கேட்டேன். குரல் அபாரம். ஆனால் என் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

நான் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன். ஷட்ஜம் எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்தால்தான் மற்ற ஸ்வரங்கள் பேசும். நிஷாதம் ஏங்குகிறது என்றால், அது எதை எட்ட ஏங்குகிறது என்பது நமக்குத் தெரிவதால்தான். தம்புராவை நிறுத்திவிட்டால் ஏக்கமும் போய்விடும் அல்லவா? 'எர்வார்ட்டுங்' முழுக்க ஒரே பதற்றம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பதற்றம் என்றால் சிறிது நேரத்தில் காது மரத்துப்போகிறது. உணர்ச்சி இல்லை என்று நான் சொல்லவில்லை. உணர்ச்சி நிற்கும் தரையை அவர் எடுத்துவிட்டார் என்கிறேன்.

பியானோக்காரி எழுதியது:

தெருமுனை அண்ணா, கேள்வி நியாயமானது. அன்றைய வியன்னாக்காரர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார்கள். ஆனால் வடகாற்று உங்களைக் கடினமான இடத்தில் இறக்கிவிட்டுவிட்டார். 'எர்வார்ட்டுங்' முதலில் கேட்க வேண்டியது இல்லை.

1908-ல் முடிந்த இரண்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட்டைக் கேளுங்கள். எஃப் ஷார்ப் மைனர் என்ற சுருதியில் தொடங்குகிறது, அதாவது நீங்கள் கேட்கிற தரை இருக்கிறது. இரண்டாம் பகுதியில் "அன்புள்ள அகஸ்டின்" என்ற வியன்னாத் தெருப்பாட்டு திடீரென்று வந்து விழுகிறது. அந்தப் பாட்டில் அகஸ்டினுக்கு எல்லாம் போய்விட்டது என்ற வரி உண்டு, கேட்டவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். மூன்றாம் பகுதியில் நான்கு தந்திக் கருவிகளுக்கு நடுவே ஒரு சொப்ரானோ (உச்சக்குரல் பாடகி) பாட எழுகிறாள். ஸ்ட்ரிங் குவார்டெட்டில் பாட்டா என்று அன்றைக்குப் பலர் அதிர்ந்தார்கள். நான்காம் பகுதியில் சுருதிக் குறியே கிடையாது. வயோலா, வயலின் எல்லாம் அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடையில்லாமல் மேலே ஏறுகின்றன. அப்புறம் அவள் ஸ்டெஃபான் ஜார்ஜின் கவிதையைப் பாடுகிறாள், வேறொரு கிரகத்தின் காற்று தன்மேல் படுவதாக.

இங்கே கவனியுங்கள். அந்த மிதப்பு நம்மைத் தொடுவதற்குக் காரணம், மூன்று பகுதிகளாகத் தரையில் நடந்துவிட்டு வந்திருக்கிறோம். கடைசி கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எஃப் ஷார்ப் மேஜர். கிளம்பிய இடத்துக்கே வந்து இறங்குகிறார். தரையின் அருமை தெரியாத ஆள் இப்படி எழுத மாட்டார்.

இன்னொன்று, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும்: ஆறு சிறிய பியானோத் துண்டுகளில் (ஓப்பஸ் 19) ஆறாவது. முதல் ஐந்தையும் 1911 பிப்ரவரியில் ஒரே நாளில் எழுதினார். ஆறாவது ஜூனில் வந்தது, இசையமைப்பாளர் மாலர் இறந்து ஒரு மாதம் கழித்து. மொத்தமே ஒன்பது பார் (தாளக் கட்டம்). வலது கையில் மூன்று ஸ்வரம், இடது கையில் மூன்று ஸ்வரம், மிக மெதுவாக மாறி மாறி. தூரத்து மணியோசை போல என்று எல்லோரும் சொல்வார்கள், வாசிக்கும்போது எனக்கும் வேறெதுவும் தோன்றுவதில்லை. அதில் ஷட்ஜம் இல்லை. ஆனால் அந்த இரண்டு கோர்டுகளும் திரும்பத் திரும்ப வருவதால் அவையே ஒரு வீடாகிவிடுகின்றன. மாணவர்களுக்கு இதைக் கொடுத்தால் முதலில் "இவ்வளவுதானா" என்பார்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் எவ்வளவு மெல்லத் தொட வேண்டும் என்று தெரிந்தபின் அதே மாணவர்கள் பல வாரம் அதை விட மாட்டார்கள்.

கோட்டோவியம் எழுதியது:

நான் இசை தெரிந்தவன் இல்லை, ஓவியப் பக்கத்து ஆள். ஆனால் இந்தக் கதை ஓவியத்திலும் முக்கியமான ஒன்று.

1911 ஜனவரி 2-ஆம் தேதி மியூனிக்கில் ஒரு கச்சேரி. பியானோக்காரி சொன்ன இரண்டாவது குவார்டெட்டும், ஓப்பஸ் 11 பியானோத் துண்டுகளும் அன்று வாசிக்கப்பட்டன. கேட்டுவிட்டுப் போன ஓவியர் காண்டின்ஸ்கி அடுத்த ஓரிரு நாளில் ஒரு படம் வரைந்தார்: 'இம்ப்ரெஷன் 3, கச்சேரி'. மேலே ஒரு பெரிய கறுப்புத் திரள், அதுதான் பியானோ. மீதி இடமெல்லாம் மஞ்சள் பாய்ந்து ஓடுகிறது, ஓரத்தில் கூட்டத்தின் கோடுகள். இன்றும் மியூனிக்கில் லென்பாஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஷோன்பர்க்குக்கு அந்த மாதமே கடிதமும் எழுதினார். தான் ஓவியத்தில் தேடுவதை நீங்கள் இசையில் செய்துவிட்டீர்கள் என்பது அதன் சாரம்.

ஷோன்பர்க்கும் வரைந்தார் என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் முகங்கள், கண்கள் மட்டும் எரிகிற முகங்கள். 1911 டிசம்பரில் மியூனிக்கில் நடந்த, 'நீலக் குதிரைவீரன்' ஓவியக் குழுவின் முதல் கண்காட்சியில் அவர் படங்களும் இருந்தன. அடுத்த வருடம் அந்தக் குழு வெளியிட்ட தொகுப்பில் ஷோன்பர்க்கின் கட்டுரையும், அவர், அவருடைய மாணவர்கள் பெர்க், வேபர்ன் ஆகிய மூவரின் பாட்டுகளும் வந்தன. அதனால் எக்ஸ்பிரஷனிசம் என்ற பெயர் இசைக்கு ஒட்டப்பட்ட சீட்டு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே புத்தகத்தின் அட்டைக்குள் இருந்தவர்கள் இவர்கள்.

அந்த நட்பு 1923-ல் கசந்துபோனதையும் சொல்லிவிடுகிறேன். காண்டின்ஸ்கி பாடம் நடத்திய பௌஹவுஸ் கலைப்பள்ளியில் யூத வெறுப்பு இருப்பதாகவும், காண்டின்ஸ்கியும் அதில் சேர்ந்தவர் என்றும், யூதராகப் பிறந்த ஷோன்பர்க்கின் காதுக்கு வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு மட்சே என்ற ஏரிக்கரை ஊரில், யூதர்கள் இங்கே தங்க வேண்டாம் என்று சொல்லி ஷோன்பர்க்கின் விடுமுறையையே கலைத்திருந்தார்கள். அந்தக் காயம் ஆறாத நேரம். அவர் எழுதிய பதில் கடிதங்களைப் படித்தால் மனம் கனத்துவிடும்.

கடலோரம் எழுதியது:

எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஷோன்பர்க் குடும்பத்துக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்க வந்த ரிச்சர்ட் கெர்ஸ்டல் என்ற இளைஞரோடு மனைவி மாத்தில்டே வீட்டைவிட்டுப் போனார், பிறகு திரும்பி வந்தார். 1908 நவம்பரில் கெர்ஸ்டல் தற்கொலை செய்துகொண்டார், வயது 25. குவார்டெட்டில் "எல்லாம் போய்விட்டது" வருவதும் தரை நழுவுவதும் அதனால்தான். இது தெரியாமல் அந்த இசையைப் புரிந்துகொள்ளவே முடியாது.

வடகாற்று எழுதியது:

கடலோரம், சம்பவம் உண்மை. ஆனால் தேதிகள் உங்கள் முடிவுக்கு ஒத்துவரவில்லை. குவார்டெட்டின் முதல் பகுதி 1907-லேயே முடிந்துவிட்டது. அகஸ்டின் பாட்டு வரும் இரண்டாம் பகுதியும், கவிதை வரும் மூன்றாம் பகுதியும் 1908 ஜூலைக்குள் தயார். மாத்தில்டே போனது ஆகஸ்ட் கடைசியில். அவரைத் திரும்பி வரச் சொல்லிச் சமாதானம் செய்தவர் மாணவர் வேபர்ன். வீட்டில் அதற்கு முன்பே புகைச்சல் இருந்திருக்கலாம், சரி. ஆனால் ஒரு வீட்டுத் துயரத்தால் ஐரோப்பிய ஹார்மனி உடைந்தது என்று சொன்னால் அந்த மனிதரின் பத்து வருட உழைப்பு காணாமல் போய்விடுகிறது. வாக்னரில் தொடங்கி ஒவ்வொரு இசையமைப்பாளரும் வீடு திரும்புவதை, அதாவது ஆதார சுருதிக்குத் திரும்புவதை, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். 1899-ல் ஷோன்பர்க்கே 'உருமாறிய இரவு' எழுதும்போது பாதி தூரம் வந்துவிட்டார்.

அந்த குவார்டெட்டை அவர் யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? "என் மனைவிக்கு." அதை உங்கள் கதையோடு சேர்த்துப் படித்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் நான்காம் பகுதி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அது விளக்காது.

பியானோக்காரி எழுதியது:

வடகாற்று சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கெர்ஸ்டல் பெயரை எல்லோரும் சொல்கிறோம், 'எர்வார்ட்டுங்' வசனத்தை எழுதியது யார் என்பதை இந்த இழையிலும் யாரும் சொல்லவில்லை. மரீ பாப்பன்ஹைம். வியன்னாவில் மருத்துவம் படித்து, அந்த வருடம்தான் டாக்டர் பட்டம் வாங்கியவர். கவிதையும் எழுதுவார். பின்னாளில் ஏழைப் பெண்களுக்கான பாலியல் ஆலோசனை மையங்களை உளப்பகுப்பாய்வாளர் வில்ஹெல்ம் ரைஹோடு சேர்ந்து நடத்தினார். ஃப்ராய்டின் ஊரில் மருத்துவம் படித்த பெண், ஒரு பெண்ணின் மனம் சிதறுவதை உள்ளிருந்து எழுதியிருக்கிறார். வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன, நிறைய இடத்தில் வெறும் புள்ளிகள். இசை ஏன் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவுகிறது என்பதற்குப் பாதி பதில் அந்த வசனத்தில் இருக்கிறது.

தெருமுனை அண்ணா, 'எர்வார்ட்டுங்'கில் தரையே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. முடிவுக்குச் சற்று முன் அவர் தன்னுடைய பழைய பாட்டு ஒன்றையே, 'வழியோரம்' என்ற பாட்டை, உள்ளே இழுத்துக்கொண்டு வருகிறார். ஆயிரம் பேர் கடந்துபோகிறார்கள், நான் தேடும் ஒருவன் அவர்களில் இல்லை என்ற பாட்டு அது. டி மைனர் பாட்டு. தரை இல்லாத காட்டுக்குள் பழைய தரையின் ஒரு துண்டு. அப்புறம் முடிவு: எல்லாக் கருவிகளும் வெவ்வேறு வேகத்தில், சில மேலேயும் சில கீழேயும், அரை அரை ஸ்வரமாக ஓடி மிக மெல்லிய ஒலியில் கரைந்துவிடுகின்றன. அத்தனை ஸ்வரங்களும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஒரு நொடி. எழுதி 15 வருடம் கழித்துத்தான் மேடையேறியது, 1924-ல் ப்ராகில். நடத்தியவர் மாத்தில்டேயின் அண்ணன் ஸெம்லின்ஸ்கி.

மணிக்கூண்டு எழுதியது:

கேட்டவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1913 பிப்ரவரி 23 அன்று வியன்னா மியூசிக்ஃபெரைன் மண்டபத்தில் ஷோன்பர்க்கின் 'குர்ரே பாடல்கள்' அரங்கேறியது. பழைய பாணியில், பல வருடம் முன்பு தொடங்கிய பிரம்மாண்டமான படைப்பு. மக்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அவர் மேடையேறி வாத்தியக்காரர்களை மட்டும் வணங்கிவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டினார். அவ்வளவு வருடம் தன்னை ஏசிய கூட்டம் அது.

அடுத்த மாதம் 31-ஆம் தேதி அதே மண்டபத்தில் இன்னொரு கச்சேரி. வேபர்னின் ஆறு ஆர்கெஸ்ட்ராத் துண்டுகள், ஸெம்லின்ஸ்கியின் பாட்டுகள், ஷோன்பர்க்கின் முதல் சேம்பர் சிம்ஃபனி, பெர்க்கின் ஆல்டன்பெர்க் பாட்டுகளில் இரண்டு, கடைசியில் மாலர். பெர்க்கின் பாட்டு வந்தபோது மண்டபத்தில் அடிதடி. போலீஸ் வந்தது, மாலரை வாசிக்கவே இல்லை. ஏற்பாட்டாளர் ஒருவர் அறைந்ததாக வழக்கு நீதிமன்றம்வரை போனது. அந்த ஆல்டன்பெர்க் பாட்டுகள் பெர்க் இருந்தவரை முழுதாக அரங்கேறவில்லை. பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே அரங்கேறியபோது நடந்த ரகளையை எல்லோரும் சொல்வார்கள், அது இதற்கு இரண்டு மாதம் பின்னால்.

இதனால்தான் 1918-ல் ஷோன்பர்க் தனிக் கச்சேரிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். கைதட்டக் கூடாது, சீழ்க்கையும் அடிக்கக் கூடாது, விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை, என்ன வாசிக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. நல்ல ஒத்திகையோடு, தேவையானால் ஒரே படைப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ரிஷார்ட் ஸ்ட்ராஸை விட்டுவிடாதீர்கள். 1909 ஜனவரியில் வந்த அவருடைய 'எலெக்ட்ரா' ஓபராவில் கிளைதெம்னெஸ்ட்ரா தன் கெட்ட கனவைச் சொல்லும் காட்சி இவர்கள் செய்ததற்கு மிக அருகில் இருக்கிறது. அவர் அந்த விளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த ஓபராவில் வால்ஸ் என்ற இனிமையான நடன இசை எழுதினார்.

தெருமுனை எழுதியது:

குவார்டெட் கேட்டேன். பியானோக்காரிக்கு நன்றி. நான்காம் பகுதி என்னைப் பிடித்துக்கொண்டது, மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அது என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. தரை இருந்ததால் மிதப்பு. 'குர்ரே பாடல்க'ளுக்குக் கிடைத்த கைதட்டலும் அதைத்தான் சொல்கிறது.

வடகாற்று எழுதியது:

அப்படியானால் பெர்க்கின் 'வோட்செக்' பக்கம் போவோம். 1914-ல் வியன்னாவில் ப்யூக்னரின் நாடகத்தைப் பார்த்த அன்றே இதை ஓபராவாக்க வேண்டும் என்று பெர்க் முடிவு செய்தார். நடுவில் போர். ஆஸ்துமாக்காரரான அவரைப் பட்டாளத்தில் சேர்த்து, உடம்பு தாங்காமல் போர் அமைச்சக அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அதிகாரியிடம் கைகட்டி நின்ற அனுபவம் அவருக்கு நேரடியாகத் தெரியும். வோட்செக்கில் தன்னுடைய ஒரு பகுதி இருக்கிறது என்று மனைவிக்கு எழுதினார். படைவீரர்கள் தூக்கத்தில் குறட்டை விடுவதைக் கோரஸாக எழுதியிருப்பதை வேறு யாரால் யோசித்திருக்க முடியும்? 1925 டிசம்பர் 14-ல் பெர்லினில் எரிஹ் க்ளைபர் அரங்கேற்றினார்.

கதை எளிது. ஏழைப் படைவீரன். கேப்டன் அவனைக் கேலி செய்கிறான், டாக்டர் காசு கொடுத்து அவன் உடம்பில் பரிசோதனை நடத்துகிறான், அவனுடைய குழந்தையின் தாயான மரீயை இன்னொருவன் கொண்டுபோகிறான். "எங்களைப் போன்ற ஏழைகள்" என்று முதல் காட்சியிலேயே அவன் பாடும் வரி ஓபரா முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும்.

மூன்றாம் அங்கத்தைக் கேளுங்கள் தெருமுனை. ஒவ்வொரு காட்சியும் ஒரே ஒரு பொருளின் மேல் கட்டப்பட்டது. மரீயைக் குளக்கரையில் கொல்லும் காட்சி முழுவதும் பி என்ற ஒற்றை ஸ்வரம் எங்காவது ஒலித்துக்கொண்டே இருக்கும். சில இடத்தில் காதுக்கு எட்டாத ஆழத்தில், சில இடத்தில் உச்சியில். அவள் செத்தபின் ஆர்கெஸ்ட்ரா அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் பிடித்து, கருவி கருவியாகச் சேர்ந்து, பொறுக்க முடியாத அளவுக்குப் பெருக்குகிறது. நிற்கிறது, முரசு ஒரு தாளத்தை அடிக்கிறது, மறுபடியும் அதே ஸ்வரம், இன்னும் பெரிதாக. நீங்கள் கேட்ட தம்புரா இதோ இருக்கிறது. அது ஆறுதலாக இல்லை, அவ்வளவுதான். உடனே சாராயக்கடையில் சுருதி விலகிய பியானோ. அதில் தாளம்தான் விடாமல் துரத்தும். கொலைகாரனின் கையில் ரத்தம்.

இத்தனை கட்டுமானமும் யாருக்கும் தெரியத் தேவையில்லை, கதையை மட்டும் பாருங்கள் என்று பெர்க் பின்னால் ஒரு உரையில் சொன்னார். நான் முதலில் கேட்டபோது ஒன்றுமே தெரியாது. வோட்செக் குளத்தில் மூழ்குவதைக் காதால் கேட்டுவிட்டு டாக்டரும் கேப்டனும் நழுவிப் போகிற இடத்தில் கோபத்தில் எனக்குக் கை நடுங்கியது.

தெருமுனை எழுதியது:

கார்ல் பேம் நடத்திய பதிவில், ஃபிஷர்-டீஸ்காவ் பாடியதைக் கேட்டேன். அந்த பி ஸ்வரத்தைப் பற்றி நீங்கள் எழுதியது குறைவுதான். எழுந்து நடக்க வேண்டியதாகிவிட்டது.

ஆனால் வோட்செக் மூழ்கியபின் வரும் ஆர்கெஸ்ட்ரா இடையிசையைக் கவனித்தீர்களா? டி மைனர்! தெளிவான டி மைனர். நம்மை அழவைக்க வேண்டும் என்று பெர்க் நினைத்த இடத்தில் பழைய சுருதியைத்தான் தேடிப்போனார். அதற்கு அவர் பயன்படுத்தியது தன் இளமைக்கால சொனாட்டா முயற்சி ஒன்றை என்றும் படித்தேன். எக்ஸ்பிரஷனிசம் பயத்துக்கும் வெறிக்கும் சிறந்த மொழி. இரக்கத்துக்கு அதனிடம் சொல் இல்லை. பெர்க்குக்கே அது தெரிந்திருக்கிறது.

வடகாற்று எழுதியது:

அந்த இடையிசை மனதை உலுக்குவது, அதற்கு முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி எதுவும் நமக்குக் கிடைக்காததால். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெர்க் அங்கே நிறுத்தவில்லையே. அதற்குப் பிறகு ஒரு காட்சி இருக்கிறது. குழந்தைகள் விளையாடுகிறார்கள். "உன் அம்மா செத்துப்போயிட்டா" என்று ஒரு பிள்ளை மரீயின் மகனிடம் சொல்கிறது. மற்றவர்கள் பிணத்தைப் பார்க்க ஓடுகிறார்கள். அவன் குச்சிக் குதிரையில் "ஹொப் ஹொப்" என்று ஆடிக்கொண்டிருந்துவிட்டு அவர்கள் பின்னால் போகிறான். அங்கே டி மைனர் கிடையாது. அசைந்துகொண்டே இருக்கும் இரண்டு கோர்டு, முடிவு என்ற உணர்வே வராமல் நின்றுவிடும். இதே இடத்திலிருந்து ஓபராவின் முதல் பாருக்குத் தொடர்ந்து போய்விடலாம் என்று பெர்க்கே சொல்லியிருக்கிறார். அந்தப் பையனுக்கும் அப்பாவின் கதைதான் நடக்கப்போகிறது. இரக்கம் எனக்கு இந்தக் காட்சியில்தான் அதிகம்.

மணிக்கூண்டு எழுதியது:

இந்த ஓபரா 1927-ல் லெனின்கிராட் வரை போனது. பெர்க்குக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் காசு வந்தது. 1933-ல் எல்லாம் மாறியது. ஷோன்பர்க்கை பெர்லின் கலை அகாதெமியிலிருந்து நீக்கினார்கள், அவர் பாரிஸ் வழியாக அமெரிக்கா போனார். ஜெர்மன் மேடைகளில் 'வோட்செக்' நின்றது. பெர்க் 1935 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பூச்சிக்கடியில் தொடங்கிய ரத்த விஷத்தால் இறந்தார், ஐம்பதே வயது. 1938-ல் டுசெல்டார்ஃபில் 'சீரழிந்த இசை' என்று கண்காட்சி வைத்து இவர்களை அவமானப்படுத்தினார்கள். இந்த இசையில் உணர்ச்சி இல்லை என்ற பேச்சைக் கேட்கும்போது எனக்கு அந்தக் கண்காட்சிதான் நினைவுக்கு வருகிறது.

பியானோக்காரி எழுதியது:

தெருமுனை அண்ணாவின் கடைசி வாதத்துக்கு என் பதில் வேபர்ன். ஆறு ஆர்கெஸ்ட்ராத் துண்டுகளில் நான்காவது, அந்த அடிதடிக் கச்சேரியில் வாசித்ததுதான். 1906-ல் இறந்த தன் தாயை நினைத்து எழுதிய தொகுப்பு அது. நான்காவது ஒரு சவ ஊர்வல நடை. பெருமுரசு, தாம்-தாம் என்ற பெரிய உலோகத் தட்டு, எங்கிருந்தோ வரும் கனத்த மணி, எல்லாம் கேட்டும் கேட்காத அளவில். அதன்மேல் ஊதுகருவிகள் சிதறிச் சிதறிப் பேசுகின்றன. பித்தளைக் கருவிகள் கூடி ஏறி, கடைசியில் தாள வாத்தியங்கள் மட்டும் மிச்சமாகி வெடிக்கின்றன, அவ்வளவு. சில நிமிடம்தான். டி மைனர் இல்லை, பழைய பாட்டு இல்லை, வீடு திரும்புதல் இல்லை. அம்மாவை இழந்தவனின் இரக்கமும் துயரமும் அதில் இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

நல்ல ஹெட்ஃபோன் வேண்டும், இரவில் கேளுங்கள். முதல் அரை நிமிடத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள், முடிவில் காது போய்விடும்.